புது அலாய் போட்டதும் ஸ்டியரிங் ஆடுகிறதா? நடு ஓட்டையைப் பாருங்கள்

[காட்சி: மதுரவாயல் பைபாஸ், விடியற்காலை. ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகள்.]

இந்தக் கைகளைக் கவனியுங்கள். 60-இல் ஒன்றுமே தெரியவில்லை. 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் லேசாகத் துடிக்கிறது. 90-இல் முழங்கை வரைக்கும் தெரிகிறது. புது 16 இன்ச் அலாய் சக்கரமும் (உலோகக் கலவை ரிம்) டயரும் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. பழைய சக்கரத்தில் இந்த ஆட்டம் கிடையவே கிடையாது.

டயர் கடையில் மூன்று தடவை பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது, பண்ணினேன். மூன்று தடவையும் மெஷின் சைபர்தான் காட்டியது. "ரோடு அப்படி சார்" என்றார்கள். போன வாரமும் இதே ரோட்டில்தானே வந்தேன்!

[காட்சி: கழற்றி வைத்த சக்கரத்தின் பின்பக்கம். நடு ஓட்டையில் வெர்னியர்.]

விஷயம் இங்கேதான் இருக்கிறது. என் ஸ்விஃப்டில் ஹப்பின், அதாவது காரில் சக்கரம் மாட்டும் நடுக் குமிழின், விட்டம் 54.1 மில்லிமீட்டர். இந்த அலாயின் ஓட்டை 73.1. ஒரே ரிம் பல கம்பெனி கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாகவே வைத்துவிடுகிறார்கள். கம்பெனி சக்கரம் ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காரும். இது நான்கு நட்டுகளை மட்டும் நம்பி நிற்கிறது. அதிலும் வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஏர் கன்னால் ஒரு நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், சக்கரம் துளி விலகியே உட்கார்ந்துவிடும்.

சரி, மெஷினில் ஏன் தெரியவில்லை? மெஷின் அந்த நடு ஓட்டையில் கூம்பு மாதிரி ஒரு கோனை நுழைத்துத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. அங்கே நடு சரியாக இருக்கும், காரில் இருக்காது. இது புரியாமல் பேலன்சிங்குக்கே திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

[காட்சி: உள்ளங்கையில் ஹப் ரிங். அதை ரிம்மில் அழுத்திப் பொருத்துவது.]

இதுதான் ஹப் ரிங், ஹப்புக்கும் ஓட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம். உள்ளே 54.1, வெளியே 73.1. சென்னையில் கார் உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போகும்போது இரண்டு அளவையும் எழுதி எடுத்துப் போங்கள். மாட்டும்போது சக்கரம் தரையைத் தொடக்கூடாது. நட்டுகளைக் கையால் எதிரெதிராக ஏற்றி, பிறகு வண்டியை இறக்கி, மேனுவலில் இருக்கும் அளவுக்கு, அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும்.

ஆட்டம் வேறு, இழுப்பது வேறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். அப்புறம் முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய, போகலாம். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் இப்படி மாற்றக்கூடாது.

[காட்சி: எண்ணூர் ரோடு. கன்டெய்னர் லாரிகள் அழுத்திய தடம்.]

இந்தத் தடத்தில் வண்டி தானாகவே திரும்பப் பார்க்கிறதா? ரிம்மின் உள்பக்கம் ET என்று பொறித்திருக்கும், அதுதான் ஆஃப்செட்: ரிம் அகலத்தின் நடுவுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரத்தின் நடு 10 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். சக்கரம் ஸ்டியரிங்கை நெம்பும் தூரம் மாறியதால்தான் பள்ளம், தடம் எல்லாம் ஸ்டியரிங்கை இழுக்கிறது. அகலமான டயரும் சேர்ந்தால் இன்னும் அதிகம். இதை அலைன்மென்ட் தீர்க்காது, ரிம்மைத்தான் மாற்ற வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டயர் அளவில் என் கணக்கு சரியாகவே இருந்தது. 185/65 R15-க்கு பதில் 195/55 R16 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம், ரிம் இன்ச்சில்). மொத்த உயரம் இரண்டுக்கும் 621 மில்லிமீட்டர்தான். ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 107 ஆகக் குறைந்துவிட்டது. வேளச்சேரி பள்ளங்கள் இப்போது முதுகில் நேராகத் தெரிகின்றன. அது கோளாறு இல்லை, அந்த டயரின் குணம்.

[காட்சி: டீக்கடை ஓரம் நிற்கும் கார். டார்க் ரெஞ்சின் 'டக்' சத்தம்.]

ரிங் போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். 90-இல் ஸ்டியரிங் அசையவில்லை. ஆனாலும் நட்டுகளை மறுபடி பார்த்தாக வேண்டும், புது அலாயில் அவை கொஞ்சம் படிந்து உட்காரும். இதோ, முதல் நட்டு, டக். இரண்டாவது, டக். மூன்றாவது திரும்புகிறது, பாருங்கள்.