ஒரே தேர்தல், 50 சட்டம்: அமெரிக்காவின் தபால் ஓட்டு எங்கே செல்லும், எங்கே செல்லாது?

[திரையில்: மேசை மேல் ஒட்டி வைத்த மூன்று தபால் கவர்கள்]

வணக்கம். 2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். மூன்று மாநிலங்களில் மூன்று பேர் தங்கள் ஓட்டுச்சீட்டைக் கவரில் போட்டு ஒட்டுகிறார்கள். அன்று மத்தியானமே தபால் நிலையத்துக்குப் போய், கண்ணெதிரே அன்றைய தேதி முத்திரையும் குத்த வைத்துவிடுகிறார்கள். மூன்று கவரும் வியாழக்கிழமை காலையில் அந்தந்த ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

கலிபோர்னியா கவர் செல்லும். முத்திரையில் தேர்தல் நாளோ அதற்கு முந்தைய தேதியோ இருந்தால், கவர் வந்து சேர அங்கே 7 நாள் வரை காத்திருப்பார்கள். டெக்சாஸ் கவர் செல்லாது. அங்கே மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் 5 மணியோடு கதவைச் சாத்திவிட்டார்கள். பென்சில்வேனியா கவரின் கதை செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கே முடிந்துவிட்டது. முத்திரையில் என்ன தேதி இருந்தாலும் அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஒரே நாள், ஒரே பதவி, ஒரே மாதிரி மூன்று கவர். ஒன்றுதான் எண்ணப்படும். ஏன் இப்படி?

[திரையில்: மாநில எல்லைகளுடன் அமெரிக்க வரைபடம்]

நம் ஊரில் தேர்தல் என்றால் டெல்லியில் இருக்கும் தேர்தல் ஆணையம் சொல்வதுதான் சட்டம். அமெரிக்காவில் அப்படி ஓர் ஆணையம் கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலை எங்கே, எப்போது, எப்படி நடத்துவது என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும், நாடாளுமன்றம் வேண்டுமானால் அதை மாற்றலாம் என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். அதிபர் தேர்தலை நடத்தும் வேலையும் மாநிலங்களிடம்தான். நாடாளுமன்றம் தன் பங்குக்கு முக்கியமாகச் செய்த ஒரு காரியம், நாள் குறித்தது. நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று அதிபர் தேர்தலுக்கு 1845இல் சட்டம் போட்டார்கள். அது குதிரை வண்டிக் காலம். ஞாயிறு சர்ச், புதன் பல ஊர்களில் சந்தை. திங்கள் கிளம்பினால் செவ்வாய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பலாம் என்பது கணக்கு. அந்தச் செவ்வாய் இன்றும் மாறவில்லை. மாறியது, அந்த ஒரு நாளைச் சுற்றி ஒவ்வொரு மாநிலமும் இழுத்து நீட்டிய நாட்கள்தான்.

இந்த வீடியோவில் சொல்வது பெரும்பாலும் 2024 தேர்தலில் இருந்த விதிகள். பிறகு மாறியவற்றை அங்கங்கே சொல்கிறேன். அமெரிக்காவில் ஓட்டுரிமையோடு இருந்து இதைப் பார்ப்பவர்கள் என்னை நம்பிக் கவரை ஒட்டிவிடாதீர்கள். உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, கவர் முதலில் யார் கைக்கு வரும்?

ஓரிகன் மாநிலத்தில் இருந்தால் நீங்கள் கேட்கவே வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் போதும், வீட்டுத் தபால் பெட்டிக்கு ஓட்டுச்சீட்டு வந்துவிடும். 1996 ஜனவரியில் அங்கே ஒரு செனட் இடத்துக்கான தேர்தலை முழுக்கத் தபாலிலேயே நடத்தினார்கள்; ரான் வைடன் ஜெயித்தார். 1998இல் மக்களிடமே கேட்டார்கள், மக்களும் சரி என்றார்கள். 2000இல் அதிபர் தேர்தலையே முழுவதும் தபாலில் நடத்திய முதல் மாநிலம் ஓரிகன். அப்புறம் வாஷிங்டன், கொலராடோ, யூட்டா, ஹவாய், கலிபோர்னியா, நெவாடா, வெர்மான்ட் என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்தன. இதில் யூட்டா மட்டும் 2025இல் சட்டத்தைத் திருத்தி, கேட்பவர்களுக்குத்தான் கவர் என்ற பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

டெக்சாஸில் கவர் வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். 65 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது நோயாளி, மாற்றுத்திறனாளி, ஓட்டுப்பதிவு நாட்களில் கவுண்டியிலேயே இல்லாதவர், அல்லது தேர்தல் நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று வாரத்துக்குள் பிரசவத் தேதி உள்ளவர். இப்படிச் சில காரணங்கள்தான். '64 வயது, ஆனால் கூட்டத்துக்குப் போக பயமாக இருக்கிறது' என்றால் கிடைக்காது. 2020இல் கொரோனா பரவிய நேரத்திலும் நீதிமன்றங்கள் இதைத் தளர்த்தவில்லை. ஆனால் பூமியிலேயே இல்லாதவருக்கு டெக்சாஸ் வழி வைத்திருக்கிறது! விண்வெளி வீரர்கள் பெரும்பாலும் ஹூஸ்டன் பக்கம் வசிப்பவர்கள் என்பதால், 1997இல் அவர்களுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள். அந்த வருடமே டேவிட் வுல்ஃப், மிர் விண்வெளி நிலையத்திலிருந்து ஓட்டுப் போட்டார்.

அலபாமாவிலும் காரணம் வேண்டும். அங்கே வாக்குச்சாவடி திறந்திருக்கும் நேரத்தில் உங்களுக்கு 10 மணி நேர ஷிப்ட் இருந்தால் அது ஒரு காரணம். 8 மணி நேர ஷிப்ட் என்றால் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

[திரையில்: நாட்காட்டி, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை]

தபால் வேண்டாம், நேரிலேயே முன்கூட்டிப் போட்டுவிடலாமா? மினசோட்டாவில் 46 நாள் முன்பே போடலாம், வர்ஜீனியாவில் 45 நாள். கென்டக்கியில் காரணம் எதுவும் சொல்லாமல் போட 3 நாள்தான், தேர்தலுக்கு முந்தைய வியாழன், வெள்ளி, சனி. கனெக்டிகட் 2022இல் தன் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி, 2024இல்தான் முதன்முதலாக அதிபர் தேர்தலுக்கு 14 நாள் கொடுத்தது. தபாலில் அவ்வளவு கறாரான டெக்சாஸ், நேரில் வருபவர்களுக்குத் தாராளம்: இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு, யாரும் வரலாம், காரணம் கேட்க மாட்டார்கள். இதை ஆரம்பத்திலேயே செய்து காட்டிய மாநிலங்களில் அதுவும் ஒன்று. அதனால் 'இது கட்டுப்பாடான மாநிலம், அது சுதந்திரமான மாநிலம்' என்று இரண்டு வண்ணத்தில் வரைபடம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

அலபாமா, மிசிசிப்பி, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும், காரணம் இல்லாமல் முன்கூட்டி நேரில் ஓட்டுப் போடும் வழியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தேர்தல் நாளில் நாட்டிலேயே முதல் ஆளாக ஓட்டுப் போட்டு எண்ணியும் முடித்துவிடுவதற்குப் பேர்போன ஊர் நியூ ஹாம்ப்ஷயரில்தான் இருக்கிறது. டிக்ஸ்வில் நாட்ச். நள்ளிரவு 12 அடித்ததும் ஓட்டு. 2024இல் மொத்தம் 6 ஓட்டு: டிரம்புக்கு 3, ஹாரிஸுக்கு 3.

இனி கவரை ஒட்டும் இடம். எத்தனையோ ஓட்டுகள் வீணாவது இங்கேதான். அரசியல்வாதிகள் மேடையில் பேசுவது மோசடியைப் பற்றி. எண்ணும் மேசையில் தள்ளி வைக்கப்படும் கவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு கோட்டை நிரப்ப மறந்திருப்பார்.

[திரையில்: இரண்டு கவர், ஒன்றுக்குள் ஒன்று]

பென்சில்வேனியாவில் காரணம் சொல்லாமல் தபால் ஓட்டு என்பது 2019ஆம் வருடச் சட்டத்தால் வந்தது. அங்கே இரண்டு கவர் கொடுப்பார்கள். ஓட்டுச்சீட்டை மடித்து உள் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அதில் பெயர் எதுவும் இருக்காது. அதை வெளிக் கவரில் போட்டு, பின்பக்க உறுதிமொழியில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெளிக் கவரைப் பிரிக்கும்போது யார் என்று தெரியும், உள் கவரைப் பிரிக்கும்போது யாருடையது என்று தெரியாது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள் கவரை மறந்து சீட்டை நேராக வெளிக் கவரில் போட்டுவிட்டால் ஓட்டு செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அங்கே அதற்குப் பெயரே 'நிர்வாண ஓட்டு'.

தேதிக் கதை இன்னும் வினோதம். கவர் எப்போது வந்தது என்பதைக் கவுண்டி அலுவலகமே பதிவு செய்துகொள்கிறது. வாக்காளர் கையால் எழுதும் தேதியை வைத்து அவர்கள் எதையும் முடிவு செய்வதில்லை. இருந்தும் தேதி விட்டுப்போனாலோ தவறாக இருந்தாலோ ஓட்டு போயிற்று. 'தேதி' என்று பார்த்ததும் பழக்க தோஷத்தில் தன் பிறந்த தேதியை எழுதிவிட்டவர்களும் உண்டு. இதைப் பற்றி வருடக்கணக்காக வழக்கு நடந்தது. 2024 தேர்தலில் விதி அமலில் இருந்தது; 2025 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இதற்காக ஓட்டைத் தள்ளக் கூடாது என்றது.

டெக்சாஸ் 2021இல் கொண்டுவந்த சட்டப்படி, ஓட்டுநர் உரிம எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கத்தைக் கவரில் எழுத வேண்டும். எங்கே? ஒட்டும் மடிப்புக்குக் கீழே. எண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இடம். ஆனால் ஒட்டிவிட்டால் அந்தக் கட்டம் வாக்காளர் கண்ணுக்கும் தெரியாது, விட்டுப்போனதும் தெரியாது. சட்டம் வந்த பிறகு நடந்த முதல் பெரிய தேர்தல், 2022 மார்ச் கட்சி வேட்பாளர் தேர்வு. வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம், அதாவது 20 ஆயிரத்துக்கும் மேல், நிராகரிக்கப்பட்டன. அங்கே தபாலில் போடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் 65ஐத் தாண்டிய தாத்தா பாட்டிகள் என்பதையும் நினைவில் வையுங்கள். நவம்பருக்குள் ஜனங்களுக்கும் பழகிவிட்டது, அலுவலகங்களும் விளக்கிச் சொன்னார்கள். நிராகரிப்பு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

அலபாமாவில் கவர் மேல் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், அல்லது நோட்டரி. கூடவே போட்டோ அடையாள அட்டையின் நகல். விஸ்கான்சினில் ஒரு சாட்சி போதும். ஓரிகனிலும் வாஷிங்டனிலும் சாட்சியே வேண்டாம், உங்கள் கையெழுத்து பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கடிதம் அனுப்பிச் சரிசெய்ய அவகாசம் தருவார்கள். என் கையெழுத்து காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கடிதம் நிச்சயம் வரும்.

கவரைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. பல மாநிலங்களில் தெருவோரம் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள், டிராப் பாக்ஸ். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2022இல் அந்தப் பெட்டி கூடாது என்றது. நீதிபதிகளின் பலம் மாறியதும் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் கூடும் என்றது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2020 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டார்: கவரைக் கையில் கொண்டுவந்து கொடுக்கக் கவுண்டிக்கு ஓர் இடம்தான். சின்னக் கவுண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் அப்போது சுமார் 47 லட்சம் பேர் வசித்தார்கள்.

[திரையில்: எண்ணும் மேசை, கவர் பிரிக்கும் இயந்திரம்]

கடைசியாக, கவரை எப்போது பிரிக்கலாம்? இந்த ஒரு விதிதான் 2020இல் உலகத்தையே ஐந்து நாள் தூங்கவிடவில்லை. புளோரிடாவில் தேர்தலுக்குப் பல நாள் முன்பே கவரைப் பிரித்து, கையெழுத்துப் பார்த்து, இயந்திரத்தில் ஓட்டிவிடலாம். முடிவை மட்டும் வெளியே விடக் கூடாது. அதனால் 45 லட்சத்துக்கும் மேல் தபால் ஓட்டு வந்தும் அன்று இரவே கணக்கு முடிந்தது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஒரு கவரைக்கூடத் தொட முடியாது. 25 லட்சத்துக்கும் மேல் தபால் ஓட்டு குவிந்து கிடந்தது. டிரம்ப் தன் ஆதரவாளர்களிடம் தபாலை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்ததால், தபாலில் வந்தவை பெரும்பாலும் பைடன் பக்கம். செவ்வாய் இரவு டிரம்ப் முன்னிலை, பிறகு நாளுக்கு நாள் அது கரைந்து, சனிக்கிழமை நவம்பர் 7 அன்று பைடன் வெற்றி என்று ஊடகங்கள் அறிவித்தன. 'ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு எங்கிருந்து முளைத்தது' என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான்: முளைக்கவில்லை, பிரிக்காமல் கிடந்தது. பென்சில்வேனியாவில் அந்த விதி 2024லும் அப்படியேதான் இருந்தது.

இனி முதலில் பார்த்த மூன்று கவருக்கு வருவோம். தேர்தல் நாளுக்குப் பிறகு வரும் கவருக்காகக் காத்திருக்கும் மாநிலங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வட கரோலினா 2023இல் அந்த 3 நாள் சலுகையை எடுத்தது. 2025இல் கான்சாஸ், வட டகோட்டா, யூட்டா, ஒஹையோ எல்லாம் எடுத்துவிட்டன. இதில் தபால் துறையின் பங்கும் உண்டு: பெட்டியில் போடும் கடிதத்துக்கு முத்திரை விழுவது பிரித்து அனுப்பும் மையத்தில். செவ்வாய் போட்டது புதன் தேதியோடு வெளியே வரலாம். கவுண்டரில் நின்று கேட்டுக் குத்திக்கொண்டால்தான் அன்றைய தேதி உறுதி.

மிசிசிப்பியில் 5 வேலை நாள் காத்திருக்கும் விதியை எதிர்த்து குடியரசுக் கட்சி வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரண் என்றது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. குதிரை வண்டிக் காலத்தில் 'தேர்தல் நாள்' என்று எழுதினார்களே, அது வாக்காளர் ஓட்டைப் போடும் நாளா, ஓட்டு அலுவலகம் போய்ச் சேரும் நாளா என்பதுதான் வழக்கு. வியாழக்கிழமை வந்து சேர்ந்த அந்தக் கலிபோர்னியா கவரின் தலையெழுத்தும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.