சுடும் ஊசிக்கு முன்னால் ஒரு சோதனை ஊசி

நேயர்களுக்கு வணக்கம். "நரம்பைச் சுட்டா கால் வராமப் போயிடாதா டாக்டர்?" முதுகுவலிக்கு ரேடியோ அலை சிகிச்சை என்றதுமே பலர் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான பயம்.

முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்பும் அடுத்ததோடு பின்பக்கத்தில் இரண்டு சிறு மூட்டுகளால் சேர்கிறது. ஃபேசட் மூட்டு என்போம். முழங்கால் போலவே இவையும் தேயும், வலிக்கும். அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோவது நூல் போன்ற நரம்புக் கிளைகள். நாங்கள் சுடுவது அவற்றைத்தான். காலை அசைக்கும் நரம்பு வேறு, அதன் பாதையும் வேறு.

எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி ஊசியை நரம்பருகே வைத்து, லேசாக மின்தூண்டல் கொடுப்போம். கால் துடித்தால் ஊசி இடம் மாறும். அப்புறம் மரத்துப்போக மருந்து, பிறகு ரேடியோ அலையால் ஊசிமுனையில் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூடு, ஒன்றிரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கட்டத்தை. அதே நரம்பருகே முதலில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று படுத்து ஓய்வெடுக்காதீர்கள். எந்த வேலையில் வலிக்குமோ அதையே செய்யுங்கள். நின்று பாத்திரம் துலக்குங்கள், மாடிப்படி ஏறுங்கள். வலி எவ்வளவு குறைந்தது, எத்தனை மணி நேரம் என்று எழுதி வையுங்கள். குறையவே இல்லையா? வலி வேறிடத்திலிருந்து வருகிறது, சுட்டுப் பயனில்லை. ஸ்கேனில் தேய்மானம் தெரிவது மட்டும் போதாது, வலியே இல்லாதவர்களுக்கும் அது தெரியும். பிரிட்டனின் 2016 வழிகாட்டு நெறியும் சோதனை ஊசியில் பலன் கண்ட பிறகே இதைச் செய்யச் சொல்கிறது.

நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், உடற்பயிற்சியோடு இந்தச் சுடும் சிகிச்சையைச் சேர்த்தும் பெரிய கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை என்று சில வல்லுநர்கள் வாதிட்டார்கள். என் எண்ணமும் அதுவே. அதனால்தான் சோதனை ஊசியை விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்கு இந்த வைத்தியம் இல்லை. சரியான ஆளுக்குச் செய்தாலும் முதல் சில நாட்கள் வலி கூடலாம், பயப்படாதீர்கள். நிவாரணம் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் வரலாம், மறுபடி செய்துகொள்ளலாம். வலி குறைந்த அந்த மாதங்களில்தான் நடையும் முதுகுப் பயிற்சியும் சாத்தியமாகும். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.