பட்டிப்பூவும் கிளினிக் கொப்பியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரைக்கும் மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை உங்களுக்குத் தெரியும். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். அதன் இலையை அவித்துக் குடித்தால் சீனி வருத்தம் இறங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மூலிகை மருந்துகளைப் பற்றி இன்று நான் சொல்ல வந்ததை அந்தச் செடியை வைத்தே தொடங்குகிறேன்.

இதே நம்பிக்கை ஜமேக்காத் தீவிலும் இருந்தது. 1952ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு பொதியில் இந்த இலைகள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் றொபேர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் சீனி குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோதோ எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றில் செத்தன. காரணம் தேடிப் பார்த்தால், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்து போயிருந்தன. கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை.

சீனிக்கு மருந்து தேடிய ஆய்வு அந்த இடத்தில் திசை திரும்பியது. வெள்ளை அணுக்களை அழிப்பது எதுவோ, அது இரத்தப் புற்றுநோய்க்கு உதவலாம் அல்லவா? சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரும் நோபிளும் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். அதே செடியில் இருந்து பின்னர் வின்கிறிஸ்டினும் வந்தது. இன்றைக்கும் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு அந்த மருந்து ஏற்றப்படுகிறது. எத்தனை பிள்ளைகள் இதனால் பிழைத்து வளர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது அந்தச் செடியின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த மருந்து கொடுக்கப்படும் விதத்தைக் கேளுங்கள். பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் அளந்து கணக்குப் போட்டுத்தான் அளவு தீர்மானிப்பார்கள். ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். கூடினால் நரம்பு பாதிக்கப்படும். வீட்டுக் குவளையில் அவித்த இலையில் இந்தப் பொருட்கள் மிகவும் கொஞ்சமாகவே இருக்கும், உண்மைதான். ஆனால் எவ்வளவு என்று குடிப்பவருக்கும் தெரியாது, அவித்துக் கொடுப்பவருக்கும் தெரியாது. மண்ணைப் பொறுத்து மாறும், இலையின் முற்றலைப் பொறுத்து மாறும். இறங்கும் என்று நம்பிக் குடித்தாலும் இரத்தத்தில் சீனி அப்படியே இருக்கலாம். அதற்கிடையில் குளிசையை நிறுத்திவிடுகிறவர்களை நினைத்துத்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

மூலிகையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கொத்தலாகிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் செய்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். 1990களில் யப்பானிய ஆய்வாளர்கள் அந்தக் கொடியில் இருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது. பிறகு இலங்கையிலேயே 51 நீரிழிவு நோயாளருக்கு மூன்று மாதம் அந்த மூலிகை சேர்த்த தேயிலைப் பையும், மூன்று மாதம் மருந்தில்லாத போலிப் பையும் கொடுத்துப் பார்த்தார்கள். எது எதுவென்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூலிகை குடித்த மாதங்களில் எச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்த அளவு, குறைந்திருந்தது. 2005இல் அந்த முடிவு வெளியானது. நம் மூலிகைகள் எல்லாவற்றுக்கும் இப்படியொரு சோதனை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் சித்த வைத்தியர்களும் இந்தக் கவனத்தை அறியாதவர்கள் அல்லர். நாபிக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் மருந்தில் சேர்ப்பதில்லை. அதைக் கொதிக்க வைக்கும்போது இதயத்தைத் தாக்கும் அக்கோனிற்றின் என்ற நஞ்சு உடைந்து வீரியம் குறைந்த பொருளாக மாறுவதை இன்றைய இரசாயனவியலும் உறுதிப்படுத்துகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிள்ளைகள் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். கைத்தொலைபேசியில் வந்த குரல் பதிவை நம்பிச் சரக்குக் கடைக்குப் போகாதீர்கள்.

இனி, பயமே இல்லாமல் நாம் வாயில் போடும் ஒன்று, அதிமதுரம். இருமலுக்கு நல்லது, தொண்டைக்கு இதம். இரண்டொரு நாள் சுவைத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் உள்ள கிளிசிரிசின் உடம்பில் உப்பைத் தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிறஷருக்குக் குளிசை போடுகிற அம்மா ஒருவர் வாரக்கணக்கில் தினமும் அதிமதுரம் போட்ட கஷாயம் குடிக்கிறார் என்று வையுங்கள். கிளினிக்கில் அளந்தால் பிறஷர் கூடியிருக்கும். வைத்தியர் குளிசையைக் கூட்டுவார். சிறுநீர் போக வைக்கும் குளிசையும் அதில் இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். கால் தசை சோரும், இதயத் துடிப்பே தடுமாறலாம். கஷாயத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசப்பட்டிருக்காது.

ஏன் பேசப்படுவதில்லை? ஏச்சு விழும் என்ற பயம். இதில் நோயாளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “என்னென்ன நாட்டு மருந்து குடிக்கிறீர்கள்?” என்று முகம் சுளிக்காமல் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைப்பது மருத்துவத் துறையில் இருக்கிற எங்கள் கடமை. கேட்டுக்கொண்டிருக்கும் தாதியர், மருந்தாளர், வைத்தியர் எல்லோரிடமும் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். பாகற்காய் கூடச் சில நீரிழிவுக் குளிசைகளோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம் என்று 1979இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

மூட்டு வலித் தூள்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயரில்லாத பையில் வரும் தூளைச் சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதா? சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற தூள்களில் வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஸ்டீரொயிட் என்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. தூளோடு வைத்தியரிடம் போய் அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

கடைசியாகச் சீந்தில் கொடி. கொவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இதைக் குடித்தவர்கள் ஏராளம். 2020 செப்டெம்பருக்கும் டிசெம்பருக்கும் இடையில், சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பாய் வைத்தியர்கள் கண்டார்கள். குடித்தது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடியா என்று பெரிய வாதம் எழுந்தது. ஆகவே எந்த மூலிகை குடித்தாலும் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போய், உடம்பு அரித்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கொடியையோ தூளையோ எறிந்துவிடாமல் பையோடு கொண்டு போங்கள். குடித்தது எந்தச் செடி என்று கண்டுபிடிக்க அந்தத் துண்டு அவர்களுக்குத் தேவைப்படும்.