மீனாவிடம் சொல்லிவிடுங்கள், குமார்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் படுக்காமல் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். சாலையே போகாத மலைக்காட்டில் தீப் பிடித்தால், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப் போய் அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்மோக் ஜம்பர் என்று பெயர். அப்படி ஒரு குழுவில் மூன்று நெருங்கிய நண்பர்கள். நம் வசதிக்காக நடுவர் அந்த மூவருக்கும் குமார், சேகர், மீனா என்று பெயர் வைத்துவிட்டார். மொன்டானாவுக்குக் குமார் எப்படிப் போனார் என்று யாரும் கேட்கக் கூடாது. குமாரும் சேகரும் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். இருவருக்கும் மீனாமேல் காதல். இருவருமே வாய் திறக்கவில்லை. ஆனால் மற்றவன் மனதில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். சொல்லிவிடுவதா, நட்பையும் வேலையையும் நினைத்து அடக்கிவைப்பதா? இதுதான் தலைப்பு. நாங்கள் ‘சொல்லிவிடு’ அணி.

எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். “நெருப்புக்கு முன்னால் நிற்கும்போது காதல் ஒரு கேடா?” என்று கேட்டார். கைதட்டல் பறந்தது. நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டு சொல் என்று எங்கள் அணியில் யார் சொன்னது? விமானக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “குதிப்பதற்கு முன் ஒரு விஷயம், மீனா” என்று ஆரம்பித்தால் அவள் பாராசூட் இல்லாமலே குதித்துவிடுவாள். தீக்காலம் தொடங்குமுன், பயிற்சி நடக்கும் நாட்களில், உட்கார்ந்து பேசு என்கிறோம். அவ்வளவுதான்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. “கொஞ்சநாள் அடக்கி வைத்தால் தானே அணைந்துவிடும்” என்றார். சிங்கப்பூரில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? 2015 செப்டம்பர் 25ஆம் தேதி புகைமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகி, குழந்தைகளை உள்ளே வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை கைப்பேசியில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்தப் புகை எங்கிருந்து வந்தது? இந்தோனேசியாவின் சுமத்ராவில், களிமந்தானில், பீட் என்கிற கரிமண் நிலத்திலிருந்து. அந்த மண்ணில் தீ மேலே எரிவதோடு நிற்காது, கீழே இறங்கும். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று நினைத்தால், அடியில் சுடரே தெரியாமல் வாரக்கணக்கில் கனன்று, பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் எழும்பும். அந்த அக்டோபரில் நம் ஆகாயப்படை சினூக் ஹெலிகாப்டரைத் தண்ணீர்த் தொட்டியோடு சுமத்ராவின் பாலெம்பாங்குக்கு அனுப்பியது. தீயணைக்கும் நம் குடிமைத் தற்காப்புப் படை வீரர்களும் போனார்கள். எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர்! கடைசியில் மழைக்காலம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அடக்கி வைத்த தீ என்ன செய்யும் என்று இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டாம் ஐயா, மூக்கால் படித்த பாடம் அது.

சரி, இந்தத் தொழில் செய்கிறவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் தெரியுமா? பெருந்தீ அடங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட மாட்டார்கள். மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, வெறுங்கையின் பின்பக்கத்தைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் தொட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வேராக, ஒவ்வொரு கட்டையாக. சூடு தெரிந்தால் மண்ணைக் கிளறித் திறந்துவிட்டுத்தான் அணைப்பார்கள். அந்தக் கைகள் உள்ள குமாரையும் சேகரையும் பார்த்து, மூடி வை, யாருக்கும் தெரியாது என்கிறது எதிரணி.

இன்னொரு விஷயம். எதிரணிச் சகோதரி, “பேச்சுவார்த்தை சரியில்லை என்றால் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி வேலை பார்க்கட்டும்” என்றார். சகோதரி, அங்கே அது நடக்காது. ஸ்மோக் ஜம்பர்களுக்கு ஜம்ப் லிஸ்ட் என்று ஒரு வரிசை உண்டு. அழைப்பு வந்தால் வரிசையில் மேலே இருக்கிறவர்கள் விமானம் ஏற வேண்டும். குதித்து வந்தவர் பெயர் கடைசிக்குப் போகும். இன்று யாரோடு குதிக்கிறோம் என்பதை அந்தச் சுற்றுதான் முடிவு செய்யும். ஏறுவதற்கு முன் ஒருவர் வாரை இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும், கொக்கி மாட்டியிருக்கிறதா, மாற்றுப் பாராசூட் சரியாக இருக்கிறதா என்று. மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசாத சேகர், குமாரின் நெஞ்சுக் கொக்கியைச் சரிபார்க்கிறார். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சேகர் கெட்டவர் இல்லை, தெரியும். சரியாகத்தான் பார்ப்பார். ஆனால் அந்த நேரத்தில் குமாரின் கண் எங்கே இருக்கும்? கொக்கியிலா, சேகரின் முகத்திலா?

நடுவர் அவர்களே, இங்கே ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இதே மொன்டானா. 1949 ஆகஸ்ட் 5. மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. 15 பேர் குதித்தார்கள், கீழே வனத் தீக்காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்கள் நின்ற புல்மேட்டுக்கு வந்துவிட்டது. காய்ந்த புல், மேடு ஏறுகிற தீயை மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் என்ன செய்தார் தெரியுமா? கையில் இருப்பதையெல்லாம் போடச் சொன்னார். பிறகு தீக்குச்சியைக் கிழித்துத் தனக்கு முன்னால் இருந்த புல்லையே கொளுத்தினார்! அது எரிந்து முடிந்த இடத்தில் படுத்துக்கொள்ளலாம், பெருந்தீக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். இருவர் மேட்டு உச்சியில் ஒரு பாறை இடுக்கு வழியே தப்பினார்கள். டாட்ஜ் அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார்.

வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு வித்தையை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்னால் நெருப்பு துரத்தும்போது முன்னால் ஒருவன் நெருப்பு வைத்தால் பைத்தியம் என்றுதான் எனக்கும் தோன்றியிருக்கும். நான் கேட்பது வேறு. அந்தத் தொழிலில், ஒரு நாள் இல்லை ஒரு நாள், சேகர் எதையாவது செய்துவிட்டு “இங்கே வா” என்று கத்துவார். அதற்குக் காரணம் சொல்ல நேரம் இருக்காது. சேகர் தன்னிடம் எதையும் ஒளிக்க மாட்டான் என்ற உறுதி இருந்தால் குமார் திரும்பிப் பார்க்காமல் பாய்வார். கோடை முழுக்க இவன் என்னிடம் நடிக்கிறான் என்ற எண்ணம் மூலையில் கிடந்தால், ஒரு நொடி தயங்குவார். தீ அந்த ஒரு நொடியைத் தராது.

1994 ஜூலையில் கொலராடோவின் ஸ்டோர்ம் கிங் மலையில் 14 பேரைத் தீ கொண்டுபோனது. தீ இருக்கும் பக்கமாக மேலிருந்து கீழே தடுப்புக் கோடு வெட்டிக்கொண்டு போகிறோமே, இது சரியா என்று சிலருக்கு அன்றே மனதில் உறுத்தல் இருந்தது. ஆனாலும் வேலை தொடர்ந்தது. இன்று அந்த நாட்டுத் தீயணைப்பாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் கையேட்டில், ஆபத்தான வேலையை எப்படி முறைப்படி மறுப்பது என்றே ஒரு பகுதி இருக்கிறது. உறுத்தினால் வாயைத் திற என்பது அவர்களுக்கு வேலை விதி. அப்படி வாழ வேண்டியவர்கள், தங்களுக்குள் இருக்கும் பெரிய உறுத்தலை மட்டும் விழுங்கப் பழக வேண்டுமாம்.

இப்போது விட்டுக்கொடுக்கும் கதைக்கு வருகிறேன். எதிரணியின் இளைஞர் கண் கலங்கச் சொன்னார்: “நண்பனுக்காகக் காதலை விட்டுக்கொடுத்தால் அதுதான் தியாகம்.” தம்பி, மீனா என்ன அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ வீடா? “நான் வரிசையில் பின்னால் போகிறேன், நீ சாவியை வாங்கிக்கொள்” என்று விட்டுக்கொடுக்க? உங்களிடம் இல்லாத ஒன்றை எப்படித் தம்பி தானம் செய்கிறீர்கள்? மூன்று பேர் கதையில் இரண்டு பேர் மட்டும் கூடி முடிவெடுக்கிறீர்கள். மூன்றாவது ஆளுக்குத் தனக்காக ஒரு தியாகம் நடந்ததே தெரியாது.

அதுவும் எப்படிப்பட்ட பெண்? அந்தப் படையில் முதல் பெண் ஸ்மோக் ஜம்பர் சேர்ந்ததே 1981இல்தான். அதற்கு முன் 40 வருடம் ஆண்கள் மட்டும் குதித்தார்கள். பெருஞ்சுமை தூக்கி, மலை ஏறி, மண்வெட்டி பிடித்து அந்த இடத்துக்கு வந்த பெண்ணுக்கு, ஒருவனிடம் சரி என்றோ இரண்டு பேரிடமும் வேண்டாம் என்றோ சொல்லத் தெரியாதா? ‘உனக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாய்’ என்று அவளுக்காக இவர்கள் முடிவு செய்வதற்கு நட்பு என்று பெயர் வைக்காதீர்கள். வேறு நல்ல பெயர் இருக்கிறது, மேடை என்பதால் சொல்லவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் வலிக்கும். இரண்டு பேரில் ஒருவருக்கு, ஒருவேளை இரண்டு பேருக்குமே வலிக்கும். குழு கொஞ்சநாள் ஆட்டம் காணும். என் அக்கா மகன் தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் செய்தவன். வறட்சி மாதத்தில் லாலான் என்ற உயரமான காட்டுப் புல் எரியும், வண்டி உள்ளே போகாது, குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். “மாமா, முன்னால் இருக்கிறவனுக்குப் பின்னால் இருக்கிறவன்மேல் கோபம் என்றால் குழாயிலேயே தெரியும்” என்பான். தெரிந்துவிடுவது நல்லது. தெரிந்தால் மேலதிகாரி ஆளை மாற்றி நிறுத்தலாம், ஒருவர் வேறு தளத்துக்கு மாற்றல் கேட்கலாம், ஒரு பருவம் ஓய்வு எடுக்கலாம். இத்தனைக்கும் வழி இருக்கிறது, விஷயம் வெளியே வந்தால். வராத வரைக்கும் மேலதிகாரி பாவம், சும்மா வரிசையைப் பார்த்து ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் யோசனைப்படியே குமார் கோடை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். அக்டோபரில் பனி விழுகிறது, தீக்காலம் முடிகிறது, மூட்டை கட்டும்போது மீனாவிடம் போய்ச் சொல்கிறார். அவள் கேட்கிறாள்: “மே மாதத்திலிருந்து இது உன் மனதில் இருந்ததா? அதை வைத்துக்கொண்டா தினமும் என் கொக்கியைச் சரிபார்த்தாய்?” குமார் என்ன பதில் சொல்ல வேண்டும்? அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரர் அதை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.