வெசிக்கிளுக்குள்ள மோட்டார் ஒண்ணுதான், தள்ளுற விசை ரெண்டு

வணக்கம் மக்களே. நரம்பு முனையில வெசிக்கிள்ங்கற குட்டிப் பை உடைஞ்சு, உள்ள இருக்கற சரக்கு, அதாவது அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ற வேதிப்பொருள், வெளிய கொட்டுறதைப் பத்தி எல்லா வீடியோவும் பேசுது. அந்தச் சரக்கு முதல்ல உள்ள எப்படி ஏறுச்சு? இன்னைக்கு அது மட்டும்தான்.

முதல்ல அளவைப் பாருங்க. சினாப்டிக் வெசிக்கிளோட வெளிவிட்டம் சுமார் 40 நானோமீட்டர். சவ்வைக் கழிச்சா உள்ள 30தான் மிஞ்சும். அதுக்குள்ள குளுட்டமேட்ங்கற சரக்கு 100 மில்லிமோலார் (கரைசல் எவ்வளவு செறிவுன்னு சொல்ற அளவு) இருந்தா எத்தனை மூலக்கூறுன்னு கணக்குப் போடுங்க, 850 வரும். 200 மில்லிமோலார்னா 1,700. வெசிக்கிளுக்கு வெளிய, செல்லுக்குள்ள இருக்கற திரவத்துல, அதாவது சைட்டோசால்ல இருக்கறது சில மில்லிமோலார்தான். அதாவது மேட்டுல ஏத்தணும், தானா ஏறாது.

மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் மாதிரி இங்க ஒண்ணு இருக்கு, பேரு வி-ஏடிபியேஸ். செல்லோட எரிபொருளான ஏடிபியை உடைச்சு, அந்த சக்தியில புரோட்டானை (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஹைட்ரஜன் அயனி) உள்ள தள்ளும். மூணு ஏடிபிக்கு ஒரு சுத்து, ஒரு சுத்துக்கு சுமார் 10 புரோட்டான். ஒரு வெசிக்கிளுக்கு இந்த மோட்டார் ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. அது நின்னா மாத்து மோட்டார் கிடையாது. 2022-ல தனித்தனி வெசிக்கிளை வெச்சுப் பார்த்தப்போ, இது தொடர்ந்து ஓடாம நடுநடுவுல நின்னுடுது, சில சமயம் புரோட்டானை ஒழுகவும் விடுதுன்னு தெரிஞ்சுது.

உள்ள பிஹெச் 5.5 பக்கம், வெளிய 7.2. ஒரு வேடிக்கை சொல்றேன். அந்தச் சின்ன இடத்துல 5.5 பிஹெச்-னா தனியா திரியுற புரோட்டான் எத்தனை? சராசரியா 0.03. முப்பது நாப்பது வெசிக்கிளுக்கு ஒண்ணு! தள்ளின மத்ததெல்லாம் புரதத்துலயும் சரக்குலயும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.

இப்போ முக்கியமான இடம். புரோட்டான் உள்ள போனா ரெண்டு விஷயம் நடக்குது: உள்ள அமிலம் கூடுது, உள்ள பாசிட்டிவ் சார்ஜ் கூடுது. இந்த ரெண்டுதான் சரக்கை ஏத்துற விசை. எந்தச் சரக்கு எதைச் செலவழிக்குதுங்கறதுதான் மொத்தக் கதையும்.

சரக்கை உள்ள ஏத்துற புரதத்துக்கு டிரான்ஸ்போர்ட்டர்னு பேரு. டோபமைனுக்கும் செரோட்டோனினுக்கும் அது விஎம்ஏடி-2. ரெண்டு புரோட்டான் வெளிய, ஒரு மூலக்கூறு உள்ள. அதனால பெரும்பங்கு அமில வித்தியாசம்தான் இழுக்குது. அசிட்டைல்கோலினும் ரெண்டுக்கு ஒண்ணுதான். குளுட்டமேட் நேர்மாறு. அது நெகட்டிவ், அதனால உள்ள இருக்கற பாசிட்டிவ் சார்ஜே அதை இழுத்துடும். காபாங்கற இன்னொரு சரக்கு ரெண்டையும் நம்பி இருக்கு.

இங்கதான் குளோரைடு வந்து மாட்டிவிடும். குளோரைடு நெகட்டிவ். அது நிறைய உள்ள போனா சார்ஜ் தணிஞ்சுடும், மோட்டார் தடையில்லாம ஓடும், அமிலம் ஏறும். டோபமைனுக்கு கொண்டாட்டம், குளுட்டமேட்டுக்கு திண்டாட்டம். குளுட்டமேட் ஏத்தம் உச்சமா நடக்கறது 4 மில்லிமோலார் குளோரைடு பக்கத்துல. அறவே இல்லாம போனாலும் சரியா ஏறாது.

லேப்ல எலி மூளை வெசிக்கிளை வெச்சு ஏத்தத்தை அளக்கறவங்க அதிகம் சறுக்கற இடமும் இதுதான். பழக்கத்துல 140 மில்லிமோலார் உப்புக் கரைசலை ஊத்திட்டு, "வெசிக்கிள் செத்துப்போச்சு"ன்னு நினைச்சுடுவாங்க. ஊத்த வேண்டியது இது: பொட்டாசியம் குளுக்கோனேட் பஃபர், அதுல 4 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, ஏடிபி, கூடவே மெக்னீசியம். மெக்னீசியம் மறந்தா மோட்டார் ஓடாது. சோடியம் வேண்டவே வேண்டாம். சோடியம் இருந்தா, கலந்து வந்திருக்கற செல்லோட வெளிச்சவ்வுத் துண்டுகளும் குளுட்டமேட்டை இழுக்கும், நீங்க அளந்தது எதைன்னே தெரியாது. சந்தேகம்னா, குளுட்டமேட் மாதிரியே இருக்கற அஸ்பார்டேட்டை, கதிரியக்க அடையாளம் இல்லாம சாதாவாப் போட்டுப் பாருங்க. வெசிக்கிள் டிரான்ஸ்போர்ட்டர் அதைச் சீண்டாது, வெளிச்சவ்வுல இருக்கற டிரான்ஸ்போர்ட்டர் ஏமாந்து அதையும் பிடிச்சுக்கும்.

கன்ட்ரோல் ரெண்டு கட்டாயம்: ஏடிபி இல்லாத குழாய் ஒண்ணு, மோட்டாரை நிறுத்துற பாஃபிலோமைசின் போட்ட குழாய் ஒண்ணு. எந்த விசை போச்சுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னா அம்மோனியம் சல்ஃபேட் அமிலத்தை மட்டும் காலி பண்ணும், பொட்டாசியத்தோட, அதைச் சவ்வு வழியா கடத்துற வாலினோமைசின் போட்டா சார்ஜ் போகும்.

மருந்துப் பக்கம் வந்தா நம்ம நாட்டு மூலிகை சர்ப்பகந்தாவைச் சொல்லாம இருக்க முடியாது. ரத்த அழுத்தத்துக்கு அதைக் கொடுத்த அனுபவத்தை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல எழுதினார். அந்த வேர்ல இருந்து ரிசர்பைனைப் பிரிச்சு 1952-ல வெளியிட்டாங்க. ரிசர்பைன் விஎம்ஏடியைப் பிடிச்சா லேசுல விடாது. டோபமைன் சைட்டோசால்லயே தேங்கி, மோனோஅமைன் ஆக்சிடேஸ்ங்கற என்சைம் கையில சிக்கி உடையும். நோரட்ரினலின் கதி இன்னும் மோசம்: டோபமைனை அதா மாத்துற என்சைமே வெசிக்கிளுக்குள்ளதான் இருக்கு. உள்ள போகாத டோபமைன் எப்படி நோரட்ரினலின் ஆகும்? மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு நாள்கணக்குல நீடிக்கும், ஏன்னா புது டிரான்ஸ்போர்ட்டர் செல் உடம்புல தயாராகி ஆக்ஸான்ங்கற நீள நரம்பு இழை வழியா முனைக்கு வந்து சேரணும்.

ஹண்டிங்டன் நோய்ல வர்ற ஆட்டத்துக்குக் கொடுக்கற டெட்ராபெனசினும் இதே விஎம்ஏடி-2 மேலதான் வேலை செய்யுது. ஆனா அது பிடிச்சுட்டு சில மணி நேரத்துல விட்டுடும். அதனாலதான் அதை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுக் கொடுக்கறாங்க.