படம் யாருக்குச் சொந்தம்?

நண்பர்களே, வணக்கம். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்தான்: நீங்கள் எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம் என்பது. இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், பாதியில் விட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். திறமையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தன் படத்தின் மேல் தனக்கு என்ன உரிமை என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது, இன்னொருவர் அதைக் கேட்கவே கூச்சப்பட்டார், அவ்வளவுதான்.

முதலில் அன்றாடம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கிற நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் போன் பேசுவது, மெயில் அனுப்புவது, பேரம் பேசுவது, பில் போடுவது, அப்புறம் அந்தப் பணம் எப்போது வரும் என்று நாசூக்காக நினைவூட்டிக்கொண்டே இருப்பது. ஒரு வேலை முடிந்து வந்தால் உடனே படுத்துவிட முடியாது. கார்டில் இருப்பதை இரண்டு டிஸ்க்கில் தனித்தனியாகக் காப்பி செய்து, இரண்டிலும் ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. அதற்கப்புறம் பொறுக்கும் வேலை. ஒரே முகம், ஒரே சிரிப்பு, அடுத்தடுத்து எடுத்த ஏழெட்டுப் படங்கள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில் ஃபோகஸ் கருவிழியில் விழாமல் இமை மயிரில் விழுந்திருக்கும், இன்னொன்றில் கண் கச்சிதமாக இருக்கும் ஆனால் பேசிக்கொண்டிருந்த உதடு கோணியிருக்கும், மூன்றாவதில் எல்லாம் சரி, ஓரத்தில் யாரோ ஒருவருடைய கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இந்தப் பொறுக்கும் வேலை ரொம்பப் பிடிக்கும். என் கண் எங்கே போகிறது என்று எனக்கே தெரிவது அங்கேதான்.

சரி, இவ்வளவையும் செய்துவிட்டு நாம் எதை விற்கிறோம்? நாள் கணக்கில் நம் நேரத்தை விற்கிறோம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி என்றால் உடம்பு ஓடுகிறவரைதான் வருமானம். நாம் கொடுப்பது அனுமதி. இந்தப் படத்தை, இந்த இடத்தில், இத்தனை காலத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிற அனுமதி. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பத்திரத்தையும் சேர்த்தா எழுதிக் கொடுக்கிறார்? சுவரில் மாட்டும் ஒரு பிரதிக்கும், நாடு முழுக்க ஓடப்போகும் விளம்பரத்துக்கும் ஒரே விலை சொல்கிறவர் தன் பிழைப்பில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

ஒப்பந்தம் வந்தால் தயவுசெய்து கடைசி வரிவரை படியுங்கள். 'அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல நேரம் மாற்றித் தருகிறார்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போய்விடும் நாடுகளும் உண்டு. அதனால் வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள்.

இது இன்றைக்கு முளைத்த சண்டையும் இல்லை. ராபர்ட் காபா, ஹென்றி கார்த்தியே-பிரெசோன், டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் ஆகிய போட்டோகிராபர்கள் 1947இல் மேக்னம் என்ற கூட்டுறவை ஆரம்பித்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். படத்தின் உரிமை அதைக் கேட்டு வாங்கும் பத்திரிகைக்குப் போகக் கூடாது, எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்றார்கள். ஒரே படத்தை இங்கே ஒருவருக்கும் அங்கே ஒருவருக்கும் கொடுக்க முடிந்தது, அடுத்து எதை எடுப்பது என்று தாங்களே முடிவு செய்யவும் முடிந்தது.

அவர்களுக்கும் முன்னால் பாரிஸில் யூஜீன் அட்ஜே என்று ஒரு போட்டோகிராபர். பழைய தெருக்கள், கடை முகப்புகள், படிக்கட்டுகள் என்று எடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். பெரிய பேர் கிடையாது. ஆனால் பிரதிகளைத்தான் விற்றார், பிரதி போட மூலமாக இருக்கும் கண்ணாடி நெகட்டிவ்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1920இல் அவற்றில் 2,600க்கும் மேற்பட்டவற்றைப் பிரெஞ்சு அரசு 10,000 ஃபிராங்குக்கு வாங்கியது. அந்தப் பணத்தில்தான் அவர் கடைசிக் காலத்தில் தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நமக்கும் பழைய படங்கள்தான் சேமிப்பு. யார், எங்கே, எப்போது என்று ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்காத படம், டிஸ்க்கில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான், தேடினால் கிடைக்காது.

இவ்வளவு நேரம் நம் உரிமையைப் பேசினோம். படத்தில் இருப்பவர்? டோரத்தியா லாங்கே என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த அந்தத் தாயின் படம் உங்களில் பலருக்குத் தெரியும், கன்னத்தில் விரல் பதித்து எங்கோ பார்ப்பார், இரு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும். லாங்கே அப்போது அரசுச் சம்பளத்தில் இருந்தார், அதனால் படத்தின் உரிமை அவருக்கு இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று அந்த அம்மா வருத்தப்பட்டுச் சொன்னார். உலகம் முழுக்கத் தெரிந்த முகம், பெயர் தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

அதனால் நான் யாரை எடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன், படத்தை அனுப்ப ஒரு வழியும் வாங்கிக்கொள்கிறேன், அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுகிறேன். விளம்பரத்துக்குப் போகும் படம் என்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் கூலியும் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. செய்திப் படத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பார்கள், அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதே படம் பல வருடம் கழித்து ஒரு கண்காட்சிக்குப் போய் நல்ல விலைக்கு விற்கும்போது அவருக்கு ஒரு பங்கு போக வேண்டாமா? போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். என் நண்பர்களிலேயே பாதிப்பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கத்தான் மிச்ச நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன், மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.