வாடகை வீட்டு மூலையில ஒரு டிரெஸ்ஸிங் ரூம்: 3,000 ரூபாய்க்குள்ள செய்யுறது எப்படி?

[திரையில்: படுக்கையறை மூலை. ஸ்டீல் பீரோ, பக்கத்துல காலிச் சுவர். தரையில் சாக்பீஸால் 4 அடிக்கு 5 அடி கோடு.]

டிரெஸ்ஸிங் ரூம்னா தனியா ஒரு அறை வேணும்னு இல்லை. பீரோ பக்கத்துல 4 அடிக்கு 5 அடி இடம் இருந்தா போதும். ஒரு ஆள் கையை விரிச்சு சேலை கட்ட அதுக்கு மேல இடம் தேவைப்படாது.

இந்த வேலையில காசு எங்க போகணும், எங்க போகக் கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. எடை தாங்குற பொருள் எல்லாம் புதுசா, தரமா வாங்கணும்: கண்ணாடி, கம்பி, பிராக்கெட், ஸ்க்ரூ. மத்ததெல்லாம் வீட்டுல கிடக்குற அட்டைப்பெட்டி, பழைய சேலை, மிச்சப் பைப்பு. பல பேர் இதைத் தலைகீழா பண்றாங்க. அழகான கூடைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துட்டு, கண்ணாடியை டபுள் சைடு டேப்ல ஒட்டுவாங்க.

[திரையில்: சுவரில் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிய்க்கிற காட்சி. டேப்பில் வெள்ளைத் தூள்.]

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இந்தச் சோதனை. ஒரு சாண் நீளம் செல்லோடேப்பைச் சுவர்ல நல்லா தேய்ச்சு ஒட்டி, வெடுக்குனு இழுங்க. டேப்புல வெள்ளைத் தூள் வந்தா அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடிச்ச சுவர். அந்தச் சுவர்ல ஒட்டுற ஹூக் எதுவும் நிக்காது. பசை நல்ல பசைதான். அது பிடிச்சுக்கிட்ட பெயின்ட்டே சுவரை விட்டுக் கழண்டு வந்துடும். தூள் வரலைன்னா சின்னச் சின்ன சாமானுக்கு ஒட்டுற ஹூக் வைக்கலாம். கண்ணாடிக்கு அப்பவும் வேண்டாம்.

இப்ப கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடி வாங்கணும்னு நினைக்கிறீங்களா? தேவையில்லை. கண்ணாடியில நம்மை முழுசா பார்க்க நம்ம உயரத்துல பாதி நீளம் இருந்தா போதும். கிட்ட நின்னாலும் தள்ளி நின்னாலும் கணக்கு மாறாது. ஆனா மாட்டுற உயரம் சரியா இருக்கணும். கீழ் விளிம்பு, தரைக்கும் கண்ணுக்கும் நடுவுல. மேல் விளிம்பு, கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவுல.

[திரையில்: இரண்டு உருவங்கள், ஒன்று 5 அடி, ஒன்று 5 அடி 10 அங்குலம். கண்ணிலிருந்து பாதத்துக்குக் கோடுகள்.]

வீட்டுல குட்டையானவங்க 5 அடி, நெட்டையானவங்க 5 அடி 10 அங்குலம்னு வெச்சுக்கோங்க. குட்டையானவங்களுக்குச் சேலை ஓரம் தெரியணும்னா கீழ் விளிம்பு தரையில இருந்து 27 அங்குலம். நெட்டையானவங்களுக்கு உச்சி வகிடு தெரியணும்னா மேல் விளிம்பு 69 அங்குலம். ரெண்டுக்கும் நடுவுல 42 அங்குலம், அதாவது மூணரை அடி. அகலம் 18 அங்குலம். மொத்தம் 5 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. ஆறடிக் கண்ணாடிக்குக் கொடுக்குற காசுல கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

கண்ணாடிக் கடையில 4 மில்லிமீட்டர் கனம்னு சொல்லி, நாலு ஓரமும் எட்ஜ் பாலிஷ் கேளுங்க. இந்த அளவு கண்ணாடி சுமார் 5 கிலோ வரும். சாதாரண எடை இல்லை, விழுந்தா காலைப் பதம் பார்த்துடும். அதனால நாலு மிரர் கிளிப், ட்ரில் போட்டுத்தான். கீழ ரெண்டு கிளிப்தான் எடையைச் சுமக்குது. மேல ரெண்டு, கண்ணாடி முன்னாடி சாயாம பிடிச்சுக்குது.

சிலிக்கான் பசை போட்டு ஒட்டலாமானு ஒரு கேள்வி வரும். சிலிக்கான்ல வினிகர் வாடை வந்தா அதைக் கண்ணாடி பக்கம் கொண்டே போகாதீங்க. அந்த அமிலம் பின்பக்க ரசத்தை அரிச்சு, சில மாசத்துல முன்னாடி கருப்புத் திட்டா தெரியும். நியூட்ரல் சிலிக்கான்னு கேட்டு வாங்கணும். வாடகை வீட்டுக்குக் கிளிப்பே நல்லது, போகும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம். கிளிப்புக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு வாஷர் போட்டு 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. மழைக்காலத்துல சுவர் ஈரம் நேரா ரசத்துல ஏறாது.

[திரையில்: ட்ரில் பிட்டில், நுனியிலிருந்து 45 மில்லிமீட்டர் தூரத்தில் சிவப்பு டேப் சுற்றப்படுகிறது. மிக நெருக்கமான காட்சி.]

ஓட்டை போடுறதுல தப்பு நடக்குறது இங்கதான். சுவருக்கு மேல சிமென்ட் பூச்சு மட்டுமே 12-ல இருந்து 15 மில்லிமீட்டர் இருக்கும். சின்ன ஸ்க்ரூ போட்டா அது பூச்சுலயே நின்னுடும், செங்கல்லைத் தொடாது. ரெண்டு மாசம் கழிச்சுப் பூச்சோட பெயர்ந்து வரும். கண்ணாடிக்கு 6 மில்லிமீட்டர் பிட், 6 மில்லிமீட்டர் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கிறதுக்காக ஓட்டைக்குள்ள செருகுற பிளாஸ்டிக் குழல்), 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. ஓட்டை 45 மில்லிமீட்டர் ஆழம். பிட்டுல டேப் சுத்தி வெச்சா ஆழம் தப்பாது. தூளை ஊதி எடுத்துட்டுத்தான் பிளக்கைச் செருகணும், கண்ணை மூடிக்கிட்டு ஊதுங்க. பிளக் லூசா ஆடினா தீக்குச்சியைச் சொருகுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. கண்ணாடிக்கு அது வேண்டாம். 8 மில்லிமீட்டர் பிட்டால பெருசாக்கி 8 பிளக் போடுங்க, ஸ்க்ரூவையும் அதுக்கேத்த தடிமனா மாத்துங்க.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ, நேர் பக்கவாட்டுல ட்ரில் வைக்காதீங்க. உள்ள வயர் போற வழி அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தா குழாய் எந்த உயரத்துல இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வாங்க.

அடுத்தது வெளிச்சம். தலைக்கு மேல ஒரே ஒரு ட்யூப் லைட் இருந்தா கண்ணுக்குக் கீழயும் மூக்குக்குக் கீழயும் நிழல் விழும். இல்லாத கருவளையத்துக்கு க்ரீம் வாங்குவோம். கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும், முகத்து உயரத்துல, ரெண்டடி எல்இடி பேட்டன் ஒண்ணொண்ணு நிக்க வைங்க. நடுப்பகுதி தரையில இருந்து 5 அடி. ஒண்ணு 10 வாட் போதும்.

நிறம் முக்கியம். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ங்கிற அளவுல சொல்வாங்க. நம்ம வீடுகள்ல இருக்குறது பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் பல்பு 3000, அதுல எல்லாரும் அழகாத்தான் தெரிவோம், வெளிய வந்தாத்தான் பவுடர் திட்டுத்திட்டா இருக்குறது தெரியும். டிரெஸ்ஸிங்குக்கு 4000 கெல்வின், டப்பாவுல நியூட்ரல் ஒயிட் இல்லைன்னா நேச்சுரல் ஒயிட்னு போட்டிருக்கும். சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சத்துல நிறம் எவ்வளவு இயல்பா தெரியும்னு சொல்ற எண், 90-க்கு மேல கிடைச்சா விடாதீங்க. மெரூன் ஜாக்கெட்டுக்கும் அரக்குச் சேலைக்கும் வித்தியாசம் வீட்டுலயே தெரிஞ்சுடும்.

[திரையில்: சுவரில் இரண்டு எல் பிராக்கெட், நடுவில் ஒரு அங்குல ஸ்டீல் பைப். ஹேங்கர்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. மூலையில் எடைக் கணக்கு ஓடுகிறது.]

துணி மாட்டுற கம்பி. பிவிசி பைப்புல செய்யுற வீடியோ நிறைய இருக்கு. வீடியோ முடியுற வரைக்கும் நேரா இருக்கும். துணி மாட்டினா ஒரு மாசத்துல நடுவுல தொங்க ஆரம்பிச்சுடும், திரும்ப நேராகாது. ஒரு சட்டை கால் கிலோ, ஒரு ஜீன்ஸ் 700 கிராம், ஒரு சுடிதார் செட் அரை கிலோன்னு வெச்சா, 15 சட்டை, 6 ஜீன்ஸ், 8 சுடிதார் சேர்ந்து 12 கிலோ. ஒரு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பை மூணரை அடிக்கு வெட்டித் தரச் சொல்லுங்க. அதுக்கு மேல நீளம்னா நடுவுல இன்னொரு பிராக்கெட்.

சுவர்ல இருந்து கம்பி 12 அங்குலம் தள்ளி இருக்கணும். ஹேங்கர் அகலம் 17 அங்குலம், அதுல பாதி எட்டரை, அதோட சட்டைக் கையும் சேரும். 8 அங்குலத்துல கம்பி போட்டா ஹேங்கர் சுவர்ல இடிச்சுக் கோணலா நிக்கும், சட்டைத் தோள்ல சுண்ணாம்பு ஒட்டும். ஆனா தள்ளி வைக்க வைக்க பிராக்கெட்டோட மேல் ஸ்க்ரூவைத்தான் எடை வெளிய இழுக்குது. அதனால மேல் ஓட்டைக்கு மட்டுமாவது 8 மில்லிமீட்டர் பிளக், 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ.

உயரம்: சட்டை, மடிச்ச பேன்ட் மட்டும்னா ரெண்டு கம்பி, 40 அங்குலத்துல ஒண்ணு, 80-ல ஒண்ணு. நெட்டையானவங்க துணி மேல போகட்டும். சுடிதார், நைட்டி தொங்கணும்னா 66 அங்குலத்துல ஒரே கம்பி, கீழ செருப்புக்கோ சூட்கேஸுக்கோ இடம் கிடைக்கும்.

பட்டுச்சேலையை இந்தக் கம்பியில நிரந்தரமா தொங்கவிடாதீங்க. சேலையோட எடை முழுக்க ஒரே மடிப்புல விழுந்து, அந்த இடத்துல ஜரிகை முறியும். பழைய பருத்தி வேட்டித் துண்டுல சுத்தி பீரோ தட்டுல வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க. பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளயே பூட்டி வெச்சுடும். பாச்சை உருண்டை ஜரிகையில படக் கூடாது. வசம்பையோ கிராம்பையோ ஒரு துணி முடிச்சுல போட்டு ஓரமா வைங்க.

பீரோவை மறந்துடாதீங்க. ஸ்டீல் பீரோன்னா அதோட பக்கவாட்டுத் தகடு முழுக்க ஓட்டை போடாம கிடைச்ச சுவர். காந்த ஹூக் ஒட்டும். டப்பாவுல 10 கிலோ தாங்கும்னு போட்டிருந்தா ஏமாறாதீங்க. அது காந்தத்தை நேரா வெளிய இழுக்குற கணக்கு. நின்ன தகட்டுல கீழ் நோக்கி எடை விழும்போது, அதுல மூணுல ஒரு பங்குக்கும் முன்னாடியே வழுக்க ஆரம்பிச்சுடும். பழைய சைக்கிள் ட்யூபை வட்டமா வெட்டிக் காந்தத்துக்குக் கீழ வெச்சா பிடிப்பு கூடும், பெயின்ட்டும் கீறாது. துப்பட்டா, பெல்ட், கைப்பை அங்க போகட்டும்.

[திரையில்: மூன்று வளையல்கள், பக்கத்தில் ஸ்கேல். 50 மில்லிமீட்டர் பைப்பில் வளையல் நுழைகிறது. 63 மில்லிமீட்டர் பைப்பில் மாட்டிக்கொள்கிறது.]

வளையல் ஸ்டாண்டுல எல்லாரும் தடுக்கி விழுற இடம், பைப் அளவு. வளையல் கடையில சொல்ற 2.4, 2.6, 2.8 தசம எண் இல்லை. புள்ளிக்குப் பின்னாடி இருக்குறது அங்குலத்துல பதினாறுல எத்தனை பங்குன்னு அர்த்தம். 2.4 வளையலோட உள் விட்டம் 57 மில்லிமீட்டர், 2.6-னா 60, 2.8-னா 63 அரை. 63 மில்லிமீட்டர் பைப்பு பார்க்க வளையலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனா 2.6 நுழையவே நுழையாது, 2.8 இறுகி, கண்ணாடி வளையல்னா உருவும்போது உடையும். 50 மில்லிமீட்டர் பிவிசி பைப்தான் சரி. பிளம்பர்கிட்ட மிஞ்சின ஒரு அடித் துண்டு கிடைச்சாலே போதும், ஒரு அடியில நாலஞ்சு டஜன் மெல்லிசு வளையல் நிக்கும். வெட்டின விளிம்பை உப்புத்தாளால தேய்ச்சு, பழைய வெல்வெட் துணியை ஃபெவிகால் போட்டுச் சுத்துங்க.

கவரிங் நகையைத் திறந்து தொங்க விட்டா அழகுதான். ஆனா வேர்வையும் சென்ட்டும் காத்து ஈரமும் பட்டுச் சீக்கிரம் கறுக்கும். தினம் போடுற ஜிமிக்கி ரெண்டு மூணை மட்டும் வெளிய வைங்க. மத்தது சின்ன ஜிப் கவர்ல, கூட ஒரு துண்டு சாக்பீஸ். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. திருகாணி வெச்ச தோட்டுக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்ல ஊசியால ஓட்டை போட்டு, பின்பக்கம் திருகாணியைப் போட்டுடுங்க. ஜோடி பிரியாது, திருகாணியும் தொலையாது.

கண்ணாடி ஓரத்துல ஸ்டிக்கர் பொட்டு வரிசையா ஒட்டியிருக்காத வீடு தமிழ்நாட்டுல குறைவு. பழக்கத்தை மாத்துறதைவிட இடத்தை மாத்துறது சுலபம். லேமினேட் பண்ணின ஒரு அட்டைத் துண்டைக் கண்ணாடி பக்கத்துல தொங்கவிடுங்க, பொட்டு அதுல நல்லாவே ஒட்டும். ஏற்கெனவே கண்ணாடியில படிஞ்ச பசைக்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டுத் துணியால துடைங்க. பிளேடு வேண்டாம்.

[திரையில்: விரித்த பழைய சேலை, மேலே அளவு நாடா.]

மூலையை மறைக்க ஸ்கிரீன். ஒரு பழைய சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலையில 2.2 மீட்டர் நீளத்துக்கு ரெண்டு துண்டு வெட்டுங்க. பக்கத்துல பக்கம் மாட்டினா 2.3 மீட்டர் அகலம் வரும். திறப்பு 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர், அதுக்கு ஒன்றரை மடங்கு துணி. சுருக்கம் விழுந்து நல்லா நிக்கும். பருத்திச் சேலைன்னா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயப் போடுங்க. பின்னாடி சுருங்கினா தரைக்கு மேல நாலு விரல் தூக்கி நிக்கும். மேல் மடிப்பைத் தைச்சு உள்ள ஸ்கிரீன் ஸ்பிரிங் விட்டு, ரெண்டு பக்கமும் கொக்கி. பேட்டன் லைட்டுல துணி படாம பார்த்துக்கோங்க.

மிச்சம் வர்ற முந்தானைத் துண்டு ஒரு மீட்டருக்கு மேல இருக்கும். அதைச் சட்டை டப்பா, ஸ்வீட் டப்பா மேல ஒட்டி டிராயர் தடுப்பா வெச்சுக்கலாம். மைதாப் பசை மட்டும் வேண்டாம். கரப்பானுக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் அது சாப்பாடு, பசையைத் தேடி வந்துட்டு துணியையும் விட்டு வைக்காது.

செலவுல பெருசு கண்ணாடி, ரெண்டு லைட்டு, பைப், பிராக்கெட். விலை ஊருக்கு ஊர் மாறும், ஆனா ட்ரில் மெஷினை இரவல் வாங்கினா 3,000 ரூபாய்க்குள்ள அடங்கிடும்.

வீட்டைக் காலி பண்ணும்போது பிளக்கை இடுக்கியால பிடுங்கிட்டு, ஓட்டையை லேசா நனைச்சு வால் புட்டி அடைங்க. முதல் தடவை அடைச்சது காய்ஞ்சதும் உள்வாங்கிக் குழி விழும். மறுநாள் ரெண்டாவது தடவை அடைச்சு, உப்புத்தாள் தேய்ச்சு, மேல பெயின்ட் தொட்டு விடுங்க. வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல கை வைக்கிறதுக்கு அந்தச் சுவர்ல காரணம் கிடைக்காது.